என்ன பண்ணுன?

அவரைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றோடு தொடங்கலாம் என்று இரண்டு நாளாக முயன்று பார்த்தேன். வரவில்லை. அதனால் உள்ளதையே சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. கடைசியாகப் பார்த்து ஏழெட்டு வருடம் ஆகிறது. இன்னும் பிடிக்கவில்லை. பெயரைச் சொல்லப் போவதில்லை, அவருக்கும் மனைவி, மகன் என்று இருக்கிறார்கள். கம்பம் பக்கம் அப்போது கம்ப்யூட்டர் வைத்திருந்த எல்லோருக்கும் அவர் ‘தேனி சார்’. எந்த ஊரில் மிஷின் படுத்தாலும் “தேனி சாருகிட்டக் கொண்டு போங்க” என்பார்கள். இங்கே அந்தப் பெயரே போதும்.

கடை தேனியில் ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. கீழே ஏலக்காய்க் கமிஷன் கடை. படியேறும்போது ஏலக்காய் மணக்கும். மேலே போனால் சுட்ட ஈய வாடை. சுவர் ஓரமாக, பக்கத் தகடு கழற்றிய நான்கு மிஷின்கள் வரிசையாக எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். சந்தேகப்பட்ட எந்தப் பாகத்தையும் அந்த நான்கில் மாட்டித்தான் சோதிப்பார். வந்தவர் உட்கார நாற்காலி கிடையாது. ஒரே ஒரு ஸ்டூல். அதில் கெட்டுப்போன மிஷின் உட்காரும்; கொண்டுவந்தவர் நிற்க வேண்டும்.

தேய்த்த வெள்ளை அரைக்கைச் சட்டை. பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் சின்ன ஸ்க்ரூ டிரைவர். மிஷினைத் தொடுவதற்கு முன் கை கழுவிவிட்டு வருவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, நம் முகத்தைப் பார்க்காமல், மெதுவான குரலில் கேட்பார்:

“என்ன பண்ணுன?”

மற்ற கடைகளில் ‘என்ன ஆச்சு’ என்று கேட்பார்கள். இவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. மிஷினுக்குத் தானாக எதுவும் ஆகாது. யாரோ ஏதோ செய்திருக்கிறார்கள். செய்தவர் இப்போது எதிரில் நிற்கிறார். தேனி சாருக்கு இதில் சந்தேகமே கிடையாது. எதிரில் நிற்பவர் வயதில் பெரியவர் என்றால் “என்ன பண்ணுனீக?” என்பார். மரியாதை அந்த அளவோடு சரி.

“நான் ஒண்ணும் பண்ணலயே சார்.”

“மிஷின் பொய் சொல்லாது.”

அதற்குமேல் பேசமாட்டார். ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றிக் கிண்ணத்தில் போடுவார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றால் யாருக்கும் நெஞ்சு குறுகுறுக்கத் தொடங்கிவிடும். நேற்று இடி இடித்தபோது பிளக்கைப் பிடுங்கினோமா? டீ தம்ளரை மேலே வைத்தோமா? ஓய்வுபெறப் போகிற வயதில் இருந்த தலைமையாசிரியர் ஒருவர், “பேரன் வந்திருந்தான் சார். ஒரே ஒரு தடவ கேம் வெளையாண்டான்” என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னதை நானே பார்த்தேன்.

“அப்பச் சொல்லுங்க” என்றார் அவர்.

‘அப்பச் சொல்லுங்க’ வந்துவிட்டால் விசாரணை முடிந்தது. பிறகு அரைமணி நேரத்தில் மிஷினைச் சரிசெய்துவிடுவார். முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும், அதற்கப்புறம்தான் வைத்தியம்.

வேலை தெரியாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருமுறை பொட்டிப்புரத்திலிருந்து ஒரு பெரியவர் லேப்டாப் ஒன்றை மஞ்சள் பையில் கொண்டுவந்தார். இறந்துபோன மகளுடையது. அந்தப் பெண்ணின் போட்டோக்கள் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. திறக்க முடியவில்லை. “கீழ போட்டீகளா?” என்று இவர் கேட்டார். இல்லை என்றார் பெரியவர். இவர் லேப்டாப்பை ஓரமாக வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கினார். பெரியவர் நின்றார். நான் என் மிஷினுக்காக நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் போனதோ, பெரியவர் திடீரென்று சுவரைப் பார்த்துச் சொன்னார்: “அவ போன அன்னைக்கு நாந்தேன் தூக்கி எறிஞ்சேன். இதுலயே கண்ணு முழிச்சு முழிச்சுத்தேன் ஒடம்பக் கெடுத்துக்கிட்டா, அந்தக் கோவத்துல.”

“அப்பச் சொல்லுங்க.”

பதினோரு மணிக்கு உட்கார்ந்தவர் நான்கு மணிவரை சாப்பிடாமல் கொள்ளாமல் ஒவ்வொரு படமாக மீட்டெடுத்தார். ஒரு பைசா வாங்கவில்லை. பெரியவர் படியிறங்கியபோது என் கண் கலங்கியது. இந்த மனிதர் கேட்பது கொடூரமாக இருந்தாலும், கேட்பதில் நியாயம் இருக்கிறது என்று அன்றைக்கு நம்பினேன். அந்த நம்பிக்கைதான் பின்னால் என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

இன்னொரு நாள் அவர் மனைவி மதியச் சாப்பாடு கொண்டுவந்தார். இவர் தூக்குவாளியைத் திறந்து ஒரு வாய் வைத்தார். “கொழம்புல என்ன பண்ணுன?” என்றார், அதே குரலில். “நாந்தேன், உப்பு ரெண்டு தடவ போட்டுட்டேன்” என்று அந்த அம்மா யோசிக்காமல் சொன்னார். பழகிய பாடத்தை ஒப்பிப்பதுபோல் அவ்வளவு வேகமாக வந்தது பதில். நானும் அங்கிருந்த இன்னொருவரும் சிரித்தோம். அந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது.

என் தொழிலைச் சொல்ல வேண்டும். வீடு கட்டுகிறவர்களுக்கு, கட்டி முடித்தால் முகப்பு எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுப்பேன். எலிவேஷன் என்பார்கள். உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் வேலை. கணவர் மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் வீட்டில் நானும் மாமியாரும்தான்.

அத்தை காலையில் திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டு மதியம் திரும்புவார். கை கால் கழுவிவிட்டு நேராக முன்னறைக்கு வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். “ஏத்தா, இம்புட்டுக் கண்ணாடி வச்சா மேகாத்து வீசுற காலத்துல என்னத்துக்கு ஆகும்? தூசி அப்பிப் போகாதா?” என்பார். ஒரு தடவை அவர் சொன்ன நிறத்தைப் போட்டு அனுப்பினேன். வீட்டுக்காரருக்கு அதுதான் பிடித்தது. அதிலிருந்து ஊரில் புது வீட்டைக் கடக்கும்போதெல்லாம் “இது நம்ம வரைஞ்சதா?” என்று கேட்பார். அறையைக் கூட்டித் துடைப்பதும் அவர்தான். அதை என்னிடம் விடமாட்டார்.

மிஷினைத் தேனி சாரிடம்தான் வாங்கியிருந்தேன். பெரிய வேலைகள் வரத் தொடங்கியதும் கிராபிக்ஸ் கார்டும் அவரிடமே வாங்கினேன். “கார்டு பெருசு. பழைய பவர் சப்ளை இழுக்காது” என்று சொல்லி, மிஷினுக்குக் கரண்ட் கொடுக்கிற அந்தப் பெட்டியையும் அவரே மாற்றிக் கொடுத்தார். அறுநூற்றைம்பது வாட் என்று மேலே ஒட்டியிருந்தது.

இரண்டு மாதம் ஓடியது. பிறகு தொல்லை தொடங்கியது. கோடு போடும்போது ஒன்றும் இல்லை. வரைந்து முடித்து, வெயில், நிழல், கண்ணாடியில் தெரிகிற வானம் எல்லாம் சேர்த்து முழுப் படமாக்கக் கொடுத்தால், பத்தாவது நிமிடம் திரை கறுத்துவிடும். உள்ளே விசிறி மட்டும் வெறிபிடித்ததுபோல் சுற்றும். அணைத்துப் போட்டால் திரும்ப வரும். முழுப் படம் கேட்டால் திரும்பக் கறுக்கும்.

கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு தேனிக்குப் போனேன். அவர் என் படத்தையே தன் முதல் மிஷினில் ஓட்டினார். முழுதாக வந்தது. இரண்டாவதிலும் வந்தது. மூன்றாவது, நான்காவதிலும் வந்தது.

“நாலு மிஷின்ல ஓடுது. ஒன்னோட ஒத்த மிஷின்ல மட்டும் ஓடல. அப்பக் கோளாறு எங்கன இருக்கு?”

“என் மிஷின்ல வேற எதாச்சும் போயிருக்குமா சார்?”

“வேற எதாச்சும்னா? நான் மாட்டிக் குடுத்த மிஷின்மா அது.” கண்ணாடியைத் துடைத்தார். “என்ன பண்ணுன?”

கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். “நல்லா யோசிச்சுட்டு வா” என்று கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், சின்னமனூர் தாண்டுகிற வரை பஸ்ஸில் உண்மையாகவே யோசித்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் வேறு பிளக்கில் போட்டுப் பார்த்தேன். ஸ்டெபிலைசர் வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் வைத்துக்கூட ஓட்டிப் பார்த்தேன். கறுத்துக்கொண்டே இருந்தது. சின்னமனூர் இன்ஜினியர் ஒருவருக்கு மூன்று வீட்டுப் படம் தர வேண்டியிருந்தது. நாளை, நாளை மறுநாள் என்று மூன்று தடவை சொன்னேன். நான்காவது தடவை அவரே போன் செய்து, “பரவால்லம்மா, மதுரையில ஒருத்தர்கிட்டக் குடுத்துட்டேன்” என்றார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து வேலையே வரவில்லை.

இரண்டாவது முறை மிஷினையே போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவர் போட்டார். எழுந்தது. சின்னப் படம் ஒன்றை ஓட்டினார், ஓடியது. பெரிய படத்தை ஓட்டுங்கள் என்று நான் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். அடித்தகட்டின் ஓரத்தில் விரல் நக அளவுக்குத் துரு இருந்தது. அதில் ஸ்க்ரூ டிரைவர் நுனியை வைத்தார்.

“தண்ணி.”

நான் குனிந்து பார்த்தேன்.

“வீட்டுல யாரு தொடைக்கிறது?”

“மாமியாரு.”

“அப்பச் சொல்லு” என்றார்.

எனக்கு அந்த நிமிடத்தில் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? குற்றம் என்னுடையது இல்லை. ஆள் கிடைத்துவிட்டது. “தண்ணி பட்ட மிஷினுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. இனிமே அவுகள அந்தப் பக்கம் விடாத” என்று தகட்டை மூடினார். அவரிடம் ஒப்புக்கொண்டும் சரியாகாத ஒரே மிஷின் என்னுடையதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது அத்தை வாசலில் நின்றிருந்தார். “என்னத்தா, சரியாப் போச்சா?” என்று பெட்டியை வாங்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

“அத்தை, மிஷின நீங்க என்ன பண்ணுனீக?”

தேனி சாரின் குரலிலேயே கேட்டேன். மெதுவாக, முகத்தைப் பார்க்காமல்.

“நானா? நான் என்னத்தா பண்ணுனேன்?”

“தண்ணி பட்டுருக்குன்னு சொல்றாக.”

“நான் பிழிஞ்ச துணியிலதானத்தா தொடைப்பேன். பெட்டிய அண்டவே மாட்டேனே.”

சாயங்காலம் சாப்பாட்டுக்கு முன் இன்னொரு தடவை கேட்டேன். இல்லை என்றார். மறுநாள் காலையில் தோட்டத்துக்குக் கிளம்பும்போது கேட்டேன். முந்தானையைச் செருகி முடித்தார். பிறகு சொன்னார்:

“நாந்தேன்த்தா. வாளி சாஞ்சிருச்சு. நீ வையுவன்னு சொல்லல.”

“எந்த வாளி?”

“அந்த நீல வாளி.”

எங்கள் வீட்டில் நீல வாளி அடி உடைந்துபோய், போகிக்கு வெளியே போட்டாயிற்று. கார்டு வாங்கியதே அதற்குப் பிறகுதான். இது எனக்குத் தெரியும். அவர் சொன்ன அந்த நொடியிலேயே தெரியும். இருந்தாலும் நான் என்ன சொன்னேன் என்றால், “இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?” என்று சொன்னேன்.

அன்று தோட்டத்திலிருந்து வந்தவர் முன்னறைக்கு வரவில்லை. அடுத்த வாரம், கோம்பையில் இருக்கிற மகள் வீட்டுக்கு இரண்டு நாள் போய்விட்டு வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்த கணவர், “அம்மா ஏன் போன எடுக்க மாட்டேங்குது? என்ன நடந்துச்சு?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன்.

கம்பத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்கிற ஸ்டுடியோ ஒன்று இருந்தது. நடத்தியவரை எல்லோரும் பாய் என்பார்கள். நான் அண்ணே என்பேன். வேறு வழியில்லாமல் அவரிடம் மிஷினைக் கொண்டுபோனேன். கதையெல்லாம் கேட்டுவிட்டு, “தங்கச்சி, ஒவ்வொண்ணா மாத்திப் பாப்போம். ஒரே நேரத்துல ரெண்ட மாத்தக் கூடாது” என்றார். என் கார்டை அவர் மிஷினில் போட்டோம், மதியம்வரை ஓடியது. அவர் கார்டை என் மிஷினில் போட்டோம். பத்தாவது நிமிடம் கறுத்தது.

“பாத்தீகளா, என் கார்டும் ஒங்க மிஷின்ல ஓடல. அப்பக் கார்டு இல்ல.”

மெமரியை மாற்றினோம். கறுத்தது. கடைசியாகப் பவர் சப்ளைப் பெட்டியைக் கழற்றினார். கையில் வாங்கியவர் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். தன் பெட்டியை இன்னொரு கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, தேங்கா நெத்து மாதிரி லேசா இருக்கு?”

அவருடைய பெட்டியை மாட்டி என் படத்தை ஓட்டினோம். பத்து நிமிடம் ஆனது. இருபது ஆனது. படம் முழுதாக வந்து நின்றது. மூன்று வீடும் வரிசையாக வந்தன. கழற்றிய பெட்டியின் ஸ்டிக்கரை நான் நகத்தால் நெம்பினேன். அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது. நானூற்றைம்பது. கார்டு மூச்சு முட்ட வேலைசெய்யும்போது அது கேட்கிற கரண்டை இந்தப் பெட்டியால் கொடுக்க முடியவில்லை. அவ்வளவுதான் கோளாறு.

“இந்தத் துரு?” என்று அடித்தகட்டைக் காட்டினேன்.

“எல்லா மிஷின்லயும் இருக்கும். இதுக்கும் கார்டுக்கும் என்ன இருக்கு?” என்றார் பாய்.

மறுநாளே தேனிக்குப் போனேன். பஸ்ஸில் எதையும் யோசிக்கவில்லை; என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். படியேறி, ஆட்கள் நின்றிருந்ததைப் பார்த்து மனசுக்குள் சந்தோஷப்பட்டு, காலியாக இருந்த ஸ்டூலில் அந்தப் பெட்டியையும் உரித்த ஸ்டிக்கரையும் வைத்தேன்.

“சார், இதுதான் கோளாறு. மேல அறுநூத்தம்பது, அடியில நானூத்தம்பது. நீங்க மாட்டிக் குடுத்தது.”

அவர் பெட்டியைப் பார்த்தார். ஸ்டிக்கரைப் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

“ஸ்டிக்கர யாரு உரிச்சது?”

“நாந்தான்.”

“அப்பச் சொல்லு” என்றார். “உரிச்சதுக்கு வாரண்டி கெடையாது.”

நான் நின்றேன். கேட்க வேண்டும் என்று வந்த கேள்வியைக் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர், “ஏம்மா ஸ்டிக்கரையெல்லாம் உரிக்கலாமா?” என்று என்னிடம் சொன்னார், அக்கறையாகத்தான். தேனி சார் அதற்குள் அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார். “என்ன பண்ணுனீக?” என்ற குரல் எனக்குப் பின்னால் கேட்டது. நான் படியிறங்கிவிட்டேன்.

அந்த ஸ்டிக்கரை அவர்தான் ஒட்டினாரா, அவருக்கு விற்றவன் ஒட்டினானா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருவேளை அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள அவருக்குப் பத்து நிமிடம் போதும், அந்த நான்கு மிஷினில் ஏதாவது ஒன்றில் அந்தப் பெட்டியை மாட்டிப் பார்த்திருந்தால். கடை இப்போது இல்லை. மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னார். உடம்புக்கு முடியவில்லை என்று இன்னொருவர் சொன்னார். இரண்டையும் கேட்டுக்கொண்டேன். என்ன உடம்புக்கு என்று விசாரிக்கத் தோன்றவில்லை.

அன்று தேனியிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கோம்பைக்குப் போனேன். அத்தை மகள் வீட்டு வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பவர் பெட்டி, ஸ்டிக்கர், பாய், எல்லாம். “தண்ணியும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்தை. நீங்க எதுவுமே பண்ணல” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதாத்தா?” என்றார்.

“அப்புறம் ஏன் அத்தை நீங்கதான்னு சொன்னீக?”

“ஆமான்னு சொன்னாத்தான நீ விடுவ.”

மொச்சைத் தோலைக் கூட்டி அள்ளினார். என்னோடு வருவதற்கு மறுக்கவில்லை. அன்று மாலை பஸ்ஸிலேயே வந்துவிட்டார்; தோட்டத்து வேலைக்கும் மறுபடி போனார். கணவரிடம் இது எதையும் அவர் சொன்னதில்லை. நான்தான் பிறகு சொன்னேன். கணவர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை என்னோடு பேசவில்லை.

எனக்கு வேலை திரும்ப வந்துவிட்டது. சின்னமனூர்க்காரர் இல்லை, வேறு ஆட்கள். மதியம் தோட்டத்திலிருந்து வந்ததும் அத்தை முன்னறை வாசல் வரை வருவார். நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று திரையைப் பார்ப்பார். அறையை இப்போது நான்தான் துடைக்கிறேன்.

“உள்ள வாங்க அத்தை. இந்தப் படத்துல வாசல் எப்படி இருக்குன்னு சொல்லுங்க” என்பேன்.

“இருக்கட்டும்த்தா. கையி ஈரமா இருக்கு” என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார்.

கை காய்ந்துதான் இருக்கும்.